பச்சைத் தகரமீன்

முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. மார்ஃபா கத்தியால் கயிற்றை அறுத்தாள். மிதவையில் ஒரு கால், படித்துறையில் ஒரு கால் வைத்து விமானத்தை ஏரிக்குள் உந்தினாள்.

"அடியே, கயிறு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கரையிலிருந்து கத்தினாள் ஒல்கா.

அவள் கத்தியது கயிற்றுக்காக இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

"அவன் வந்துட்டா ரேடியோல சொல்லுங்கக்கா. நான் வந்தப்புறம் சேர்ந்து திட்டலாம்."

"திட்டறதாவது! விளக்குமாறு எடுத்து வெச்சிருக்கேன். நீ மொதல்ல பத்திரமா வா."

ராய்ஸ் மதியச் சூப்புக்கு வந்திருக்க வேண்டியவன். அவனோடு ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் போயிருந்தார்கள். சூப்பை இரண்டு முறை சூடுபண்ணி, மூன்றாம் முறை அடிப்பிடித்து, ஒல்கா அதை நாய்க்கு ஊற்றிவிட்டாள். மேற்கே மலைகளின்மேல் மேகம் பானைக்கு மூடி போடுவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அப்படி மூடினால் திறக்க நாளாகும்.

மார்ஃபா இன்ஜினை முறுக்கினாள். மிதவைகள் நீரைக் கிழித்தன. விமானம் எழும்பியது.

அலாஸ்காவின் அந்தப் பக்கத்தில் சாலை கிடையாது. ஏரியில் இறங்கும் விமானம்தான் மாட்டுவண்டி, ஆம்புலன்ஸ், கல்யாண ஊர்வலம் எல்லாம். மார்ஃபாவும் ராய்ஸும் கூட்டாகத் தொழில் செய்தார்கள். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், சால்மன் மீன் பிடிக்கும் கரடிகளைக் காட்டுவார்கள். தூண்டில் போட வைப்பார்கள். சாயங்காலம் கொண்டுவந்து ஒல்காவின் மேஜையில் உட்கார வைப்பார்கள். ஒல்கா மார்ஃபாவின் கணவன் நிக்கிஃபரின் அக்கா. சமையலும் அவளே, ரேடியோவுக்குக் காதும் அவளே.

நிக்கிஃபர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு ஆகஸ்டில் கிளம்பிப் போனான். அவனும் திரும்பவில்லை, விமானமும் திரும்பவில்லை. ஊர்க் கல்லறையில் அவன் பெயருக்கு ஒரு சிலுவை நிற்கிறது. அடியில் வெறும் மண்.

இன்னொருவனையும் இந்த மேகம் தின்றுவிடக் கூடாது. மார்ஃபாவின் நினைப்பு அது ஒன்றுதான்.

எங்கே தேடுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆணி சொல்லிவிட்டது.

அந்தப் பக்கத்து விமானிகள் ரேடியோவில் வாய் திறந்தால் பொய். நல்ல மீன் இருக்கும் ஏரிக்குப் போகிறவன், "சும்மா எண்ணெய் எரிக்கப் போறேன்" என்பான். இடம் தெரிந்தால் மறுநாளே நாலு விமானம் வந்து நிற்கும். ஆனால் அந்தப் பொய்க்கும் ஒரு எல்லை உண்டு. மீன் எங்கே என்று பொய் சொல்லலாம். விமானம் எங்கே என்று வீட்டுக்குப் பொய் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்த ஆணி. பக்கத்துப் பலகையில் தூண்டிலில் மாட்டும் தகரமீன்கள் நிறம் நிறமாக வரிசையாக இருக்கும். சிவப்பு என்றால் வாத்து ஏரி. பச்சை என்றால் தொப்பி ஏரி. மஞ்சள் என்றால் கடமான் ஏரி. கிளம்புகிறவன் போகிற ஏரியின் தகரமீனை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். விருந்தாளிக்கு அது அலங்காரம். வீட்டுக்கு அதுதான் விலாசம்.

இன்று காலை ராய்ஸ் மாட்டியிருந்தது சிவப்பு. வழக்கம்போல முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒரு திருப்பு கூடத் திருப்பாமல். ஒரு தடவை அந்த முள் ஒல்காவின் சால்வையைக் கிழித்து, தோளையும் கீறியது. அன்றிலிருந்து நிக்கிஃபர் மட்டும் முள்ளைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் மாட்டுவான். ராய்ஸுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

வாத்து ஏரி இறக்கைக்குக் கீழே வந்தது. மார்ஃபா தாழ்ந்து ஒரு சுற்று வந்தாள்.

தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. விமானம் இல்லை. புகை இல்லை. இரண்டு வாத்துகள் மட்டும் அவளைப் பார்த்து எரிச்சலோடு பறந்தன.

கையில் பிடிக்கும் ஒலிவாங்கியை எடுத்தாள். "வசீலி அண்ணே, கேக்குதா? இன்னிக்கு ராய்ஸைப் பாத்தீங்களா?"

கரகரவென்று பதில் வந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் படகும் பழைய விமானமும் வைத்திருக்கும் கிழவர் வசீலி. "பாத்தேனே தங்கச்சி. காலைல மேற்குக் கணவாய்க்குள்ள நுழைஞ்சான். எங்கடான்னேன். மீனே இல்லாத எடத்துக்குன்னான். அப்ப நல்ல மீன்தான்னு சிரிச்சேன்."

"மேற்கா? நிச்சயமா?"

"என் கண்ணுல புரை உண்டு, ஒத்துக்கறேன். காதுல இல்ல. அவன் இன்ஜின் இருமுறது ஊருக்கே தெரியும். ஏன், என்னாச்சு?"

"ஆணில சிவப்பு மாட்டியிருக்கான்."

ஆணியைப் பற்றி வசீலிக்கும் தெரியும்.

"தங்கச்சி... கணவாய் மூடிக்கிட்டு வருது. போகாதே. நான் படகை எடுக்கறேன். ஆத்து வழியா ஏறினா நாளைக்குப் போயிடலாம்."

"நாளைக்குன்றது பெரிய வார்த்தைண்ணே."

திருப்பினாள். மேற்குக் கணவாய்க்கு அப்பால் விமானம் இறங்குகிற அளவுக்கு ஒரே ஒரு ஏரிதான் உண்டு. கடமான் ஏரி. மஞ்சள். சால்மன் முட்டையிடும் இடம், கரடிகள் குட்டிகளோடு கூடும் இடம் என்று அரசாங்கம் அதை மூடி வருஷங்களாகிவிட்டன. இறங்கினால் உரிமம் போய்விடும். பலகையில் மஞ்சள் தகரமீன் தூசி படிந்து கிடந்தது. அதை யாரும் எடுப்பதில்லை. எடுப்பதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கணவாய்க்குள் வலது சுவரை ஒட்டியே பறந்தாள். திரும்ப வேண்டி வந்தால் இடப்பக்கம் இடம் வேண்டும். இறக்கையின் நுனியில் மேகம் நூல் நூலாகப் பிரிந்தது. ராய்ஸை நினைத்தால் பயமும் வந்தது, கோபமும் வந்தது. எது முன்னால், எது பின்னால் என்று தெரியவில்லை. ஆணியில் பொய் மாட்டுவது சோற்றில் விஷம் வைப்பது மாதிரி. அதையும் மூன்று வருஷமாக அவள் மேஜையில் சாப்பிடுகிறவன் செய்திருக்கிறான்!

நிக்கிஃபரின் சிநேகிதனாகச் சமையலறை வரை வந்துபோன ராய்ஸ், நிக்கிஃபர் காணாமல் போன சமயத்தில் அவளுக்குக் கூடப் பிறக்காத சகோதரனாக இருந்தான். அன்று அவள் மருந்து வாங்க நகரத்துக்குப் போயிருந்தாள். ஒல்கா மீன் உலர்த்தும் பந்தலில் இருந்தாள். மாலையில் திரும்பி வந்தபோது ஆணியில் பச்சை தொங்கியது. தொப்பி ஏரி. மேற்கே மூடுபனி கொட்ட, கிழக்கே இருந்த தொப்பி ஏரியின்மேல் மட்டும் வானம் பளிச்சென்று இருந்தது. அரசாங்க விமானங்கள், அக்கம்பக்கத்து விமானங்கள், மார்ஃபா எல்லோரும் அந்த ஏரியைச் சல்லடையாகச் சலித்தார்கள். வாலுக்குள் இருக்கும் அபாய ஒலிப்பெட்டியும் ஒரு முனகல் போடவில்லை. ஆழத்தில் முழுகியிருக்கும் என்றார்கள். ராய்ஸ் அவளுக்குத் தோள் கொடுத்தான். "உன் கூட்டாளியா நான் வரேன். நிக்கி இருந்தா இதைத்தான் சொல்வான்" என்றான்.

கணவாய் முடிந்தது. ஏரி தெரிந்தது.

கோடை முழுக்க மழையில்லை. நீர் வற்றி, சுற்றிலும் சேறு அகலமாகக் காய்ந்திருந்தது. வடகரையில் ராய்ஸின் விமானம் ஒரு சிறகை நீருக்குள் விட்டு, தண்ணீர் குடிக்கும் பறவைபோலச் சாய்ந்து கிடந்தது. கரையில் புகை. இரண்டு பேர் கையை வீசினார்கள்.

நடு ஏரியில் இறங்கி, மெல்ல ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். பல் டாக்டர் ஹார்லன் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்.

"அம்மா! விளம்பரத்துல 'மறக்க முடியாத அனுபவம்'னு போட்டிருந்தீங்க. மறக்கவே மாட்டேன்!"

அவர் மனைவி பெவர்லி அழுதபடியே சிரித்தாள். "அவர் காலையிலேர்ந்து இதையே சொல்லிக்கிட்டிருக்கார். யாராவது அவரை முதல்ல ஏத்துங்க."

"அடி யாருக்கு?"

"எங்களுக்கு சிராய்ப்புதான். ராய்ஸுக்குத்தான் கால் ஒடிஞ்சு போச்சு."

ஒரு மரத்துண்டில் சாய்ந்து கிடந்தான் ராய்ஸ். துடுப்பை வைத்துக் காலைக் கட்டியிருந்தார்கள். முகம் சுண்ணாம்பு.

"திட்டு மார்ஃபா. நல்லாத் திட்டு. ஆனா பறந்துக்கிட்டே திட்டு. மேகம் எறங்குது" என்று பல்லைக் கடித்துச் சிரித்தான்.

அவள் அவன் பக்கத்தில் இருந்த வாளியைப் பார்த்தாள். நிறைய மீன்தலை.

"அதைப் போட்டா கரடி கைக்கெட்டுற தூரத்துக்கு வரும்னாரு. வந்துச்சு. போடறதுக்கு முன்னாடியே கூப்பிட்ட நாய் மாதிரி வந்துச்சு; நெருப்பைக் கொளுத்தி விரட்டினோம்" என்றாள் பெவர்லி.

கரடிக்குத் தீனி வைப்பது! அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை. ஒரு தடவை மனிதன் கையால் தின்ற கரடி, அடுத்த தடவை மனிதனையே தேடி வரும். எதிர்க்கரையில் ஒரு பெண் கரடி குட்டியோடு நின்று இந்தப் பக்கமே மோப்பம் பிடித்தது. மனித வாசனைக்கு மிரளவில்லை. வாளிக்குப் பழகிய கரடி. ஒரு நாளில் வந்த பழக்கம் அல்ல அது.

"எத்தனை வருஷமாடா இங்க வர்ற?"

ராய்ஸ் வேறெங்கோ பார்த்தான்.

"எப்படி மோதினீங்க?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"பாறையே இல்லாத ஏரின்னு சொல்லிக்கிட்டேதான் இறங்கினார். படார்னு ஒரு சத்தம். பாறை இல்லம்மா, ஏதோ இரும்பு. நான் பல் ராவுறவன், எனக்கு அந்தச் சத்தம் தெரியும்."

மார்ஃபா சாய்ந்த விமானத்தின் மிதவையைப் பார்த்தாள். அடிவயிறு நீளமாகக் கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரமெல்லாம் நீலச் சாயம்.

ராய்ஸின் விமானத்தில் நீலம் எங்குமே கிடையாது.

"ரெண்டு பேரும் ஏறுங்க. பின் சீட்டு. மூட்டை எதுவும் வேணாம்" என்றாள். அவர்கள் ஏறியதும் மிதவையின் நுனிக்கு நடந்துபோய், குனிந்து நீருக்குள் பார்த்தாள்.

வற்றிய தண்ணீரில், மூன்று குளிர்காலத்துப் பனிக்கட்டி இழுத்துக்கொண்டு வந்து தள்ளிய இடத்தில், ஒரு நீல வால் செங்குத்தாக நின்றது. அதில் வெள்ளை எண்கள். கடைசி எண் ஏழு. மழைத் தூறலில் எழுதியதால் ஏழின் கால் வழிந்துவிட, அன்று நிக்கிஃபர் "ஏழுக்கு மூக்கு ஒழுகுது" என்று சிரித்தான். எழுதியவள் மார்ஃபா.

அவள் மிதவையில் அப்படியே குந்தினாள்.

நிக்கிஃபர் தொப்பி ஏரிக்குப் போகவே இல்லை. இங்கே வந்திருக்கிறான். அப்படியென்றால் ஆணியில் மஞ்சளல்லவா தொங்கியிருக்க வேண்டும்? பச்சை எப்படி வந்தது?

அந்தப் பச்சைத் தகரமீன் கண்முன் வந்தது. மூன்று வருஷமாக எத்தனையோ இரவுகள் வந்த அதே காட்சிதான். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 'பாவம், அவசரத்துல திருப்ப மறந்துட்டான்' என்று அவளே அவனுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் மறக்கவில்லை. அதை மாட்டியது அவன் கையே இல்லை.

மேகம் மரங்களின் உச்சியைத் தொட்டது. கரடி நீருக்குள் இறங்கி நீந்தத் தொடங்கியது. மார்ஃபா கரைக்குப் போனாள். ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததுமே அவன் சிரிப்பு போயிற்று.

"மார்ஃபா... என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

"அது நீ செய்யுற வேலை."

அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள். அவன் அலறினான். இழுத்து முன்சீட்டில் போட்டு, பட்டையை இறுக்கினாள். மீன்தலை வாளியை ஆழத்தில் கவிழ்த்துவிட்டு, பாதி ஏரி தாண்டியிருந்த கரடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அது தயங்கிய நேரத்தில் விமானத்தைத் திருப்பினாள்.

நாலு பேர் பாரம். ஏரியின் முழு நீளமும் ஓடி, கடைசி நாணலைத் தொட்டுக்கொண்டு எழும்பினார்கள். பின்னால் டாக்டர் பிரார்த்தனை செய்தார். பெவர்லி "சத்தமா சொல்லுங்க, மேல இருக்கறவருக்குக் கேக்கட்டும்" என்றாள். கணவாய்க்குள் முன்னும் பின்னும் வெள்ளை. கீழே ஓடும் ஆற்றின் கறுப்புக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, வலது சுவரை உரசிப் பறந்தாள்.

பிறகு வெள்ளை கிழிந்தது. கிழக்குப் பக்கத்து வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் வீட்டு ஏரி.

மார்ஃபா இன்ஜின் வேகத்தைக் குறைத்தாள். இரைச்சல் தணிந்தது. ஒலிவாங்கியைக் கழற்றி, பொத்தானை அழுத்தி, ராய்ஸின் வாய்க்கு நேரே நீட்டினாள். அந்தப் பொத்தானை அவள் விடும்வரை பள்ளத்தாக்கில் வேறு யாரும் பேச முடியாது. கேட்க மட்டும்தான் முடியும். வசீலி கேட்பார். சமையலறையில் ஒல்கா கேட்பாள்.

"விமானம் எங்கேன்னு சொல்லு."

"மார்ஃபா, வேணாம்..."

"மீன் எங்கேன்னு கேக்கல. நிக்கிஃபர் விமானம் எங்கே?"

அவன் அவளையும் ஒலிவாங்கியையும் மாறிமாறிப் பார்த்தான். "கடமான் ஏரில" என்றான்.

"அவன் என்ன நிறம் மாட்டிட்டுப் போனான்?"

"மஞ்சள்."

பின்சீட்டில் பிரார்த்தனை நின்றுவிட்டது.

"நான் மீன்தலை போடறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கண்ணால பாத்துட்டு வரத்தான் போனான். என் கூடாரம், எண்ணெய் டப்பா எல்லாம் அங்க இருந்தது. மதியம் தாண்டியும் வரலைன்னதும் பயந்துட்டேன். தேடுறவங்க அங்க வந்தா என் உரிமம் போயிடும். ஒரு ராத்திரிக்குத்தான் மாத்தினேன், சத்தியமா. காலைல நானே போய் எல்லாத்தையும் எடுத்துட்டு, அவனையும் கூட்டிட்டு வந்துடலாம்னு. மூடுபனி விடல மார்ஃபா. மறுநாளும் விடல..."

"மூடுபனி படகை நிறுத்தாது. மஞ்சள்னு தெரிஞ்சிருந்தா வசீலி அண்ணன் ஆத்து வழியா மறுநாளே போய் நின்னிருப்பார்."

அவள் ஒலிவாங்கியை இன்னும் அருகே நீட்டினாள்.

"நீ எப்பப் போன?"

"பனி விலகின அன்னிக்கு. நாலாவது நாள். விமானம் மிதவை உடைஞ்சு கரையில கிடந்தது. இழுத்து ஆழத்துல விட்டேன். அவனை... பெரிய தேவதாருக்கு அடியில புதைச்சேன். மேல கல்லு வெச்சிருக்கேன்."

அதற்கு முந்தைய நாட்களெல்லாம் அவன் அவளோடுதான் இருந்தான். தொப்பி ஏரியின்மேல், அவளுக்குப் பக்கத்துச் சீட்டில், தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு. 'அங்க பாரு, இங்க பாரு' என்று கைகாட்டிக்கொண்டு.

வீட்டு ஏரி நெருங்கியது. படித்துறையில் ஒல்கா ஓடி வந்து நிற்பது சிறு புள்ளியாகத் தெரிந்தது. ரேடியோவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மார்ஃபாவின் கட்டை விரல் பொத்தானிலிருந்து அசையவில்லை. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதைக் கேட்காமல் இறங்கிவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது.

"விழுந்த அன்னிக்கே போயிட்டானா?"

ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்படித்தான் மூணு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ராய்ஸ்."

"பக்கத்துல நெருப்பு போட்டிருந்தான். அணைஞ்சிருந்தது. கையை வெச்சுப் பாத்தேன்..."

அவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

"சாம்பல் இன்னும் சுட்டுச்சு."